பாட்டாவோட ரிவால்வருக்கு உண்டை தேடாதீங்க மக்கா!

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இந்த மேட்டரை எழுதாம விட்டா தூக்கம் வராதுங்கற நிலைமை, அதான் நேரம் ஒதுக்கி உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க நாஞ்சில் நாட்டுப் பக்கம் பழைய வீடுகள்ல அரங்குன்னு ஒரு உள்அறை உண்டு. வெளிச்சம் வராது. நெல்லுப் பத்தாயம், பித்தளை உருளி, யாரும் திறக்காத ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள பத்திரக் கட்டு, பழைய திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு, இதுகளுக்கு அடியில துணியில சுத்தி ஒரு சின்ன ரிவால்வர். எல்லா வீட்லயும் இல்லை, எங்கேயோ ஒண்ணு ரெண்டு வீட்ல. ஆனா இருக்கு. அப்படி ஒண்ணை வச்சிருக்கற ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை. போன தடவை ஊருக்குப் போனப்போ என்கிட்ட கேட்டார்:

"மக்கா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா. இதுக்கு உண்டை எங்க கெடைக்கும்னு அதுல தட்டிப் பாத்துச் சொல்லு டே. ரெண்டு உண்டை போரும். நான் சாகதுக்கு முன்ன ஒருக்கா சுட்டுப் பாக்கணும்."

கம்ப்யூட்டர் படிச்சவன்னா பிரிண்டரும் ரிப்பேர் பார்ப்பான், தோட்டாவும் வாங்கித் தருவான்னு ஒரு நம்பிக்கை :-) அவர்கிட்ட அன்னைக்கு நேர்ல சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். ஏன்னா இந்த ஆசை அவருக்கு மட்டும் இல்லை. என் வயசுப் பசங்களே "நம்ம வீட்ல ஒண்ணு கிடக்கு, தோட்டா மட்டும் கிடைச்சா..."ன்னு இழுக்கறதைக் கேட்டிருக்கேன்.

என் கருத்து இதுதான்: பழைய ரிவால்வருக்குப் பொருத்தமான தோட்டான்னு நம்ம ஊர்ல ஒண்ணு கிடையாது. தேடவும் கூடாது. இன்னும் ஒரு படி மேல போய்ச் சொல்றேன். அந்தத் துப்பாக்கி மேல உண்மையிலேயே பிரியம் இருந்தா, அதைக் காப்பாத்த ஒரே வழி தோட்டாவை மறக்கறதுதான்.

சும்மா பயந்தாங்கொள்ளித்தனமா சொல்லலை. காரணம் இருக்கு.

முதல்ல மருந்து. இந்தச் சின்ன ரிவால்வர்கள்ல பெரும்பாலானது 1860களுக்கும் 1890களுக்கும் இடையில செஞ்சது, இல்லன்னா அந்தக் கால டிசைன்லயே பின்னாடி செஞ்சது. அமெரிக்காவில ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1857ல விட்ட முதல் ரிவால்வர், இங்கிலாந்து வெப்லி கம்பெனியோட 1872 புல்டாக், அதைப் பார்த்துப் பெல்ஜியத்து லியேஜ் நகரத்துல ஆயிரக்கணக்கில அடிச்ச காப்பிகள், எல்லாம் இந்த வகைதான். சட்டைப்பையில போடற சைஸ். இதெல்லாம் கரிமருந்துக்குச் செஞ்ச சாமான். வெடியுப்பு, கரி, கந்தகம் மூணும் சேர்ந்த அதே பழைய கரிமருந்து. நம்ம கோயில்ல வெடி வழிபாட்டுக்குக் கதினாவில போட்டு இடிக்கறாங்களே, அந்தச் சாதி.

கரிமருந்து எரிஞ்சா அதுல பாதிக்கு மேல வாயுவாகவே ஆகாது. திடப்பொருளா நின்னுடும். அதனாலதான் அவ்வளவு புகை, அவ்வளவு கரி. தள்ளற வேகம் சுமார்தான், அழுத்தமும் சுமார்தான். அந்தக் காலத்து இரும்பு அதுக்குத் தாங்கும், அவ்வளவுக்குத்தான் தாங்கும். 1884ல பிரான்ஸ்ல பால் வியேய்ங்கறவர் புகையில்லா மருந்து கண்டுபிடிச்சார். 1889ல இங்கிலாந்து கார்டைட் கொண்டுவந்தது. ஊட்டி ரயில்ல போனவங்க குன்னூர் தாண்டினதும் அருவங்காடு ஸ்டேஷன் பார்த்திருப்பீங்க. அங்க இருக்கற கார்டைட் ஃபேக்டரி 1903ல ஆரம்பிச்சது. அதாவது நம்ம தமிழ்நாட்டு மலையிலேயே புது மருந்து தயாராக ஆரம்பிச்சு நூத்தியிருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கரிமருந்து அடைச்ச ரிவால்வர் தோட்டாவை எவனும் கடையில வச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்திருக்கலை.

சரி, புது மருந்து போட்ட தோட்டாவையே போட்டா என்ன? இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. "32தானே போட்டிருக்கு? 32 உண்டை இந்தியாவிலேயே செய்யறாங்களே"ன்னு மாமாவும் கேட்டார். செய்யறாங்க, உண்மைதான். கான்பூர்ல செய்யற .32 ரிவால்வர் உண்டு, 'அசனி'ன்னு .32 பிஸ்டலும் உண்டு, ரெண்டுக்கும் தோட்டாவும் உண்டு. லைசன்ஸ் உள்ளவங்க வாங்கறாங்க. ஆனா '32'ங்கறது பேர் மாதிரி. ஒரு தெருவில நாலு முருகன் இருப்பாங்கல்லா, அது மாதிரி.

1878ல வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவோட கூடு நீளம் சுமார் 15 மில்லிமீட்டர். அதுதான் பழைய பாக்கெட் ரிவால்வர் பலதுக்கும் சொந்தத் தோட்டா. 1896ல அதையே நீட்டி 'லாங்'னு ஒண்ணு விட்டாங்க, அது சுமார் 23. 1899ல பிரௌனிங் பிஸ்டலுக்காக வந்தது வேற ஒரு .32, சுமார் 17. இது பிறக்கும்போதே புகையில்லா மருந்தோட பிறந்தது. அமெரிக்காவில தோட்டா அழுத்தத்துக்கு வரம்பு சொல்ற அமைப்பு ஒண்ணு இருக்கு, பேர் ஸாமி (நம்ம சாமி இல்லை). அவங்க கணக்குல முதல் தோட்டாவை விடப் பிஸ்டல் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் அதிகம். சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு. கார் டயர்ல நாம அடிக்கற காத்து முப்பது சொச்சம்தான், ஒரு அளவுக்குப் புரியறதுக்காகச் சொல்றேன். இதுல கொடுமை என்னன்னா, அந்தப் பிஸ்டல் தோட்டா சில பழைய .32 சிலிண்டர்ல ஜம்முன்னு போய் உக்காந்துடும். விளிம்பு லேசா இருக்கறதால தாங்கவும் செய்யும்.

நம்ம பாஷையில சொன்னா, கம்பைல் ஆயிடும். ரன்டைம்ல வெடிக்கும். இங்க நிஜமாவே வெடிக்கும்.

'நுழையுது' வேற, 'பொருந்துது' வேற. இந்த ஒரு வித்தியாசம் தெரியாம உலகம் பூரா எத்தனையோ பேர் கையில சிலிண்டர் பிளந்திருக்கு. சிலிண்டர் பிளந்தா துண்டு எந்தப் பக்கம் பறக்கும்னு சொல்ல முடியாது, பக்கத்தில முகம் இருக்கும்.

சரி, சரியான நீளத்துல, சரியான கரிமருந்துத் தோட்டாவே கிடைச்சதுன்னு வச்சுக்குவோம். அப்பவும் விஷயம் முடியலை. நூறு வருஷத்துக்கு மேல ஆன இரும்பு அது. எங்க ஊர்க் காத்து உப்புக் காத்து. குளச்சல்ல இருந்து முட்டம் வரைக்கும் கடலோரத்துல ஜன்னல் கம்பியே பத்து வருஷம் தாங்காது. உள்ள எங்க கீறல் இருக்கு, ஸ்பிரிங் எப்ப முறியும், ஹேம்மர் பின்னால இழுத்தா சிலிண்டர் ஓட்டை குழாய்க்கு நேரா நிக்குதா இல்ல ஒரு நூல் தள்ளி நிக்குதா, இதெல்லாம் கண்ணால பார்த்துச் சொல்ற காரியம் இல்லை. ஒரு நூல் தள்ளி நின்னா ஈயம் பக்கவாட்டில சீவிக்கிட்டுத் தெறிக்கும்.

மாமாவோட துப்பாக்கியில சிலிண்டர் மேல ஒரு முட்டை வடிவ முத்திரை, உள்ள ஈ.எல்.ஜி.ன்னு எழுத்து. அது லியேஜ் சோதனைச் சாலை முத்திரை. முத்திரை மேல கிரீடம் இருந்தா 1893க்குப் பின்னாடி, இல்லன்னா முன்னாடி. இவரோடதுல கிரீடம் இல்லை. (மடக்கற டிரிக்கர் வேற. இதே மடக்கு டிரிக்கரோட 'வெலோ டாக்'னு ஒரு ரகம் பிரான்ஸ்ல வந்தது. சைக்கிள்ல போறவங்களைத் துரத்தற நாய்க்காகவாம்! எங்க தெரு நாய்ங்களைப் பார்த்தா அவன் பீரங்கியே செஞ்சிருப்பான்.) இங்கிலாந்துத் துப்பாக்கின்னா கிரீடத்துக்குக் கீழ என்.பி.ன்னு எழுத்து இருக்கான்னு பார்க்கணும். 1904ல இருந்து புகையில்லா மருந்துக்குச் சோதிச்சதுன்னு காட்டப் போட்ட முத்திரை அது. உங்க வீட்ல இருக்கறதுல அது இல்லன்னா, அந்த இரும்பு புது மருந்தைப் பார்த்தே இருக்காதுன்னு வச்சுக்கலாம். இருந்தாலும் சந்தோஷப்படாதீங்க. அந்தச் சோதனை நடந்தது உங்க கொள்ளுப்பாட்டா காலத்துல.

"அப்ப நாமே மருந்து இடிச்சு அடைச்சா?" இதையும் கேட்டார். கதினா பார்த்து வளர்ந்த ஊர்ல இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கரிமருந்தை நாம வீட்டுச் சாமான் மாதிரிப் பார்த்துப் பழகிட்டோம். அதான் பயமே போச்சு. 2016 ஏப்ரல் 10ஆம் தேதி கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயில்ல நடந்தது நம்ம ஜில்லாவில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நூறு பேருக்கு மேல போனாங்க. தலைமுறை தலைமுறையா மருந்து கையாண்ட ஆளுங்க இருந்த இடம்தான் அது. யூடியூப் பார்த்து இடிக்கற ஆளுக்கு என்ன கியாரண்டி?

அதுக்கு மேல சட்டம் இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்துல துப்பாக்கிக்கு எவ்வளவு கெடுபிடியோ தோட்டாவுக்கும் அவ்வளவு கெடுபிடி. முழுத் தோட்டா மட்டும் இல்லை, தோட்டாவோட பாகம், அதைச் செய்யற கருவி எல்லாமே 'தோட்டா'ங்கற வரையறைக்குள்ள வருது. லைசன்ஸ் இல்லாம தோட்டா வச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம். லைசன்ஸ் இல்லாம தயாரிச்சா குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும். ரெண்டு உண்டைக்கு ஆயுள் தண்டனை ரிஸ்க் எடுக்கற அளவுக்கு யாருக்கும் ஆசை இருக்கக் கூடாது.

ஆனா நான் முக்கியமாச் சொல்ல வந்தது தண்டனையைப் பத்தி இல்லை. அதே சட்டத்துல 45ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது. வழக்கொழிஞ்ச மாடல், இல்ல பழம்பொருள் மதிப்பு உள்ளது, இல்ல பழுதானது, ரிப்பேர் பண்ணினாலும் பண்ணாட்டியும் துப்பாக்கியாப் பயன்படாதுன்னா, அதை வச்சிருக்கறதுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்ற பிரிவு. 2020 பிப்ரவரியில உள்துறை அமைச்சகம் இன்னொரு அறிவிப்பும் விட்டது. கியூரியோன்னு சொல்ற சில வகைப் பழைய சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் லைசன்ஸ் இல்லாமலே வாங்கலாம், வச்சுக்கலாம். ஆனா சுடறதுக்கு, தூக்கிட்டுப் போறதுக்கு, இடம் மாத்தறதுக்கு லைசன்ஸ் வேணும். அந்த அனுமதி இல்லாம அதுக்குத் தோட்டா விக்கக் கூடாது.

இதை ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க. சட்டம் என்ன சொல்லுது? 'இது பொருள், ஆயுதம் இல்லை'ன்னு நீங்க நிக்கற வரைக்கும் உங்களுக்கு வழி இருக்கு. தோட்டா தேடி அலைஞ்சு, கண்டுபிடிச்சு, 'டுமீல்'னு ஒரு வெடி வச்சுக் காட்டினீங்கன்னா, 'இது துப்பாக்கியாப் பயன்படும்'னு உங்க கையாலேயே நிரூபிச்சுட்டீங்க. அந்த ஒரு வெடியில உங்க பாட்டாவோட நினைவுப் பொருள் ஆயுதமா மாறிடுது. அதுக்கப்புறம் போலீஸ் எடுத்துட்டுப் போனா யாரை நோவறது?

வெள்ளைக்காரன் ஊர்ல இதே கதை பெரிசா நடந்திருக்கு. இங்கிலாந்துல பழைய துப்பாக்கியை அலங்காரத்துக்கும் ஆசைக்கும் லைசன்ஸ் இல்லாம வச்சுக்கலாம். அதுக்கான தோட்டா வழக்கொழிஞ்சு போயிருக்கணும், அவ்வளவுதான். அதுக்குன்னு ஒரு பட்டியலே உண்டு. சரின்னு விட்டிருந்தாங்க. அப்புறம் என்னாச்சு? அந்த வழக்கொழிஞ்ச தோட்டாவை வீட்லயே செஞ்சு ரவுடிகளுக்கு வித்தான் ஒரு துப்பாக்கி வியாபாரி. அவன் கை பட்ட தோட்டா நூத்துக்கு மேற்பட்ட குற்ற இடங்கள்ல கிடைச்சது. 2017ல பர்மிங்ஹாம் கோர்ட்டுல 30 வருஷம் போட்டாங்க. 2021 மார்ச்ல அரசாங்கம் அந்தப் பட்டியல்ல இருந்து ஏழு தோட்டாவைத் தூக்கிடுச்சு. .320 பிரிட்டிஷ், .442 ரிவால்வர் எல்லாம் அதுல போச்சு. அதாவது ரெண்டுமே இந்த மாதிரி பாக்கெட் ரிவால்வர் தோட்டாக்கள்தான். ஒண்ணும் தெரியாம ஷோகேஸ்ல வச்சிருந்தவங்க எல்லாம் ராத்திரியோட ராத்திரியா லைசன்ஸ் தேட வேண்டிய ஆளாயிட்டாங்க. துப்பாக்கி மாறலை, இரும்பு மாறலை. தோட்டா கிடைக்க ஆரம்பிச்சது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில 1898க்குள்ள செஞ்சது எல்லாம் பழம்பொருள், கரிமருந்து கடையில கிடைக்கும், சுடறதுக்கு மைதானம் இருக்கும், பார்த்துச் சொல்ல வேலை தெரிஞ்ச ஆள் இருப்பான். நெட்ல நாம படிக்கறதெல்லாம் அவங்க எழுதினது. 'லேசா அடைச்சுச் சுட்டுப் பாரு, சூப்பரா இருக்கு'ன்னு எழுதுவாங்க. அவங்க ஊருக்கு அது சரி, எனக்கு அதுல பொறாமைகூட உண்டு. அதைப் படிச்சுட்டு தோவாளையில உக்காந்து செய்ய முடியாது. சாம்பார் குறிப்புப் படிச்சுட்டு அண்டார்டிகாவில முருங்கைக்காய் தேடற கதை.

தோட்டா இல்லாத துப்பாக்கியில என்ன இருக்குன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆயுதமா அதுல ஒண்ணும் இல்லை. இதைச் சரித்திரமே சொல்லுது. 1914 ஆகஸ்ட் 26ல கல்கத்தாவில ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கைப் புரட்சிக்காரங்க லவட்டினாங்களே, அதுல 50 மௌசர் பிஸ்டல், 46,000 தோட்டா. ஒரு பிஸ்டலுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல! 1909ல லண்டன்ல இருந்து சாவர்க்கர் பம்பாய்க்குப் பெட்டியோட அடியில மறைச்சு அனுப்பின 20 பிரௌனிங்கும் தோட்டாவோடதான் வந்தது. அதுல ஒண்ணுதான் அதே வருஷம் டிசம்பர்ல நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது. நம்ம பக்கம் 1911 ஜூன் 17ல மணியாச்சி ஜங்ஷன்ல வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான், ரிவால்வர் இல்லை. புது மருந்துச் சாதி. வேலையாகணும்னு நினைச்சவங்க யாரும் பெட்டியடி ரிவால்வரைத் தேடிப் போகலை. தோட்டா சுலபமாக் கிடைக்கற புதுச் சரக்கைத்தான் தேடினாங்க.

அதனால 'தோட்டத்துக்குப் பாதுகாப்பு', 'பன்னிக்கு ஆகும்' அப்படிங்கற பேச்செல்லாம் வேண்டாம். குலசேகரம் பக்கம் மரச்சீனித் தோட்டத்துல இறங்கற காட்டுப்பன்னி, ரெண்டு இஞ்சு குழாய் உள்ள ரிவால்வரைப் பார்த்தா சிரிச்சுக்கிட்டு மிச்சக் கிழங்கையும் தின்னுட்டுப் போகும்.

ஆனா பொருளா அதுல நிறைய இருக்கு. எனக்கு வயித்தெரிச்சலே இங்கதான். துப்பாக்கிக்கும் கரிமருந்துக்கும் எங்க ஜில்லாவுக்கும் இருக்கற உறவு சும்மா இல்லை. 1741ல குளச்சல்ல டச்சுக்காரனைத் தோக்கடிச்சு, பிடிபட்ட டிலனாயை வச்சே மார்த்தாண்ட வர்மா படையைப் புதுசாக் கட்டினார். தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள பீரங்கி வார்த்தாங்க. டிலனாய் கல்லறையும் அங்கதான் இருக்கு. இன்னைக்குக் கோட்டை வனத்துறை பூங்கா. போறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த வார்ப்படச் சாலை ஞாபகம் வருதுன்னு தெரியலை, மானைப் பார்த்துட்டு ஐஸ் சாப்பிட்டுட்டு வந்துடறோம். தலக்குளத்து வேலுத்தம்பி தளவாயோட வாள் கிளிமானூர் அரண்மனையில பத்திரமா இருந்து, 1957ல ராஜேந்திர பிரசாத் கைக்குப் போய், டெல்லி மியூசியத்துல இருந்து, பின்னாடி திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்கு வந்தது. ஏன் தப்பிச்சது? இது யாரோடது, எப்படி வந்ததுன்னு ஒரு வீட்டுக்காரங்க விடாம சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான்.

வீட்டு ரிவால்வருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பயந்து போய்க் கிணத்துல போட்டவங்க கதையைக் கேட்டிருக்கேன். ஆக்கர் கடையில எடைக்குப் போட்டவங்களும் உண்டு. இன்னொரு வீட்ல, லைசன்ஸ் வச்சிருந்தவர் இறந்ததும் பிள்ளைங்க ஒரு ஆபீஸ்ல போய் விசாரிச்சிருக்காங்க. அங்க இருந்தவர் சட்டமும் சொல்லலை, வழியும் சொல்லலை. "குடுத்துட்டுப் போங்க, பிரச்சினை வேண்டாம்"னாராம். குடுத்துட்டாங்க. போட்டோகூட எடுக்கலை. கல்கத்தா மாண்டன் கம்பெனி பேர் பொறிச்சது, மெட்ராஸ் பி.ஆர் அண்ட் சன்ஸ் பேர் பொறிச்சதுன்னு எத்தனை போச்சோ! யார் யாருக்கு எந்த வருஷம் வித்தான், மலையில எஸ்டேட் வச்சிருந்த துரைகிட்ட இருந்து நம்மாளுக்கு எப்படிக் கைமாறிச்சு, இந்தக் கதையெல்லாம் அந்த இரும்போட போயிடும். பெரிய ஆளுங்க ஊர்லயும் இப்படி நடக்கும்தான். 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்ட புல்டாக் ரிவால்வர் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருந்தே தொலைஞ்சு போச்சு. போட்டோ மட்டும் மிச்சம். நாம அந்தப் போட்டோவாவது எடுக்கலாம்ல?

வீட்ல இப்படி ஒண்ணு இருக்கறவங்களுக்கு நான் சொல்றது, உத்தியோகபூர்வ ஆலோசனை இல்லை, சும்மா தெரிஞ்சதைச் சொல்றேன். உள்ள தோட்டா இருக்கும்னே நினைச்சுக்கோங்க. பழைய ரிவால்வர் பலது லோடாகித்தான் கிடக்கும். டிரிக்கரை இழுத்துப் பார்க்காதீங்க, மாட்டின தோட்டாவைச் சுத்தியால தட்டி எடுக்காதீங்க, குழந்தைங்க கையில குடுத்துப் போட்டோ எடுக்காதீங்க. உள்ள தோட்டா இருந்தா அது தனிக் கேஸ், துப்பாக்கி கியூரியோவா இருந்தாலும் தோட்டா கியூரியோ ஆகாது. 'எனக்குத் தெரியாமலே கிடந்தது'ங்கற வாதம் கோர்ட்டுல செல்லும்தான். அறிஞ்சு வச்சிருக்கறதுதான் குற்றம்னு 1972லயே குன்வந்த்லால் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு பேசியிருக்கு. ஆனா இப்ப பார்த்துட்டீங்க, இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவங்களை வரச் சொல்றதுதான் புத்திசாலித்தனம். பையில போட்டுக்கிட்டு வடசேரி பஸ்ஸ்டாண்டுல இறங்கினீங்கன்னா அதுதான் 'இடம் மாத்தறது'.

பழைய லைசன்ஸ் புத்தகம் இருந்தா துப்பாக்கியை விட அதைப் பத்திரமா வையுங்க. வாரிசு பேருக்கு மாத்தறதுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல வழி உண்டு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டுக்கு மேல வச்சுக்க முடியாது, வாரிசாக் கிடைச்சதும் அந்தக் கணக்குல சேரும். லைசன்ஸே இல்லன்னா, இது கியூரியோ வகையில வருதா, 45ஆம் பிரிவு பொருந்துமான்னு எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. வாய் வார்த்தை வேண்டாம். நூறு வருஷம் தாண்டினதுன்னா 1972 பழம்பொருள் சட்டமும் உண்டு, வெளிநாட்டுக்கு விக்கறேன்னு நெட்ல ஏத்திடாதீங்க. அப்புறம் முத்திரை, நம்பர், பேர் எல்லாத்தையும் பக்கத்துல ஸ்கேல் வச்சுப் படம் எடுங்க. வீட்ல வயசானவங்க இருந்தா, இது எப்படி வந்ததுன்னு கேட்டு எழுதி வையுங்க. இதுக்குத் தோட்டா தேவையே இல்லை.

அரசாங்கத்துக்கும் ஒண்ணு கேக்கலாம்னு இருக்கேன். கன்னியாகுமரியில அரசு அருங்காட்சியகம் இருக்கு. ஒப்படைக்கப்படற பழைய துப்பாக்கி எதுவானாலும் அழிக்கறதுக்கு முன்னாடி அங்க இருந்து ஒரு ஆள் வந்து பார்க்கணும்னு ஒரு நடைமுறை வச்சா என்ன குறைஞ்சிடும்? ஃபயரிங் பின்னை எடுத்துட்டு, குழாயை அடைச்சுட்டு, ஒரு சீட்டு எழுதிக் கண்ணாடிக்குள்ள வைக்கலாம். குடுத்தவர் பேர் போடலாம், இல்லன்னா ஊர்ப் பேராவது போடலாம்.

மாமா இதையெல்லாம் பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப சுட முடியாதுங்க, அப்படித்தானே?"ன்னார். முடியாது மாமான்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவரா, அது அவரோட பாட்டா கைக்கு வந்த கதையை ஆரம்பிச்சார். ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. ஒரு பந்தயம், ஒரு காளை வண்டி, ஒரு சாராயக் குத்தகை எல்லாம் அதுல வருது. ஊர், பேர் வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன், அதனால இங்க எழுதலை. ஆனா ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்.

டிஸ்கி: 'எங்க தல தோட்டா கிடைக்கும்?'னு கேட்டு வர்ற பின்னூட்டம் எதுவும் வெளியாகாது. அனானியா வந்தாலும் சரி, சொந்தப் பேர்ல வந்தாலும் சரி. முத்திரை படிக்கத் தெரிஞ்சவங்க, பழைய மெட்ராஸ் துப்பாக்கிக் கடைகளோட கேட்டலாக் வச்சிருக்கறவங்க யாராவது இருந்தா ஒரு வரி போட்டுட்டுப் போங்க.